மாட்டுக்கும் ஒரு முனை: வன்னியில் முக்கோணக் காதல் பகிடி நாவல் எழுதப் புறப்படுவோருக்கு

முக்கோணக் காதலை வன்னி வாசகருக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோவலனும் கண்ணகியும் மாதவியும் படும் பாட்டை முல்லைத்தீவுப் பக்கத்து முல்லைமோடிக் கூத்தில் விடியவிடிய இருந்து பார்த்த சனம் இது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி கோயிலுக்குப் பொங்கப் போகிறவர்கள் அந்த முக்கோணத்தின் ஒரு முனையைத்தான் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஆகவே ‘இரண்டு பொடியள், ஒரு பெட்டை’ என்று தொடங்கினால் மூன்றாம் அத்தியாயத்திலேயே வாசகர் முடிவைச் சொல்லிவிடுவார். பகிடி நாவலின் மூன்றாவது முனை யாரும் நினைக்காததாக இருக்க வேண்டும். ஆனால் ஊருக்குள் நாளாந்தம் கண்ணில் படுவதாகவும் இருக்க வேண்டும்.

விளக்கத்துக்கு ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். சரசுவுக்கு 43 வயது. கலியாணமாகவில்லை. வாய்க்கால் கடைசியில் 2 ஏக்கர் வயல், வீட்டில் ஒரு தையல் மெசின். தவத்துக்கு 49. அவருக்கும் ஆகவில்லை. 11 மாடு நிற்கும் பட்டி அவருடையது. சிவலை நாலு வயது நாம்பன், தவத்தின் குறி சுட்ட மாடு. அது இரவில் சரசுவின் வயலில் மேய்கிறது. சரசு பிடித்துக் கட்டுகிறாள். தவம் மீட்க வருகிறார். நாலு தரம் வந்த பிறகு அந்த வரவு அவருக்குப் பிடித்துப்போகிறது. மாட்டைக் கட்டுவதை ‘மறக்க’த் தொடங்குகிறார். மாடோ அதற்குள் சரசுவின் வளவைவிட்டு வர மறுக்கிறது. தவத்துக்குச் சரசு வேண்டும். சரசுவுக்குச் சிவலையில் விருப்பம். சிவலைக்குத் தவத்தைக் கண்டாலே ஆகாது. தரகரும் போட்டிக்காரரும் ஒரே மாடு.

1. மூன்றாவது முனையைத் தெரிவு செய்தல்

மனதில் வருகிற முனையை நாலு கேள்வியில் போட்டுப் பாருங்கள். அதற்கென்று தனியாக ஒரு பசி இருக்கிறதா? தானாக எழும்பிப் போகுமா? அதைச் சுற்றி ஒரு கந்தோரோ கூட்டமோ கையொப்பமோ இருக்கிறதா? அதில் விருப்பம் வைப்பதால் யாருக்காவது காசு நட்டம் வருகிறதா? நாலுக்கும் ‘ஓம்’ வந்தால்தான் அந்த முனை ஒரு முழு நாவலைச் சுமக்கும்.

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் கொண்டுவருவது லாண்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சக்கர உழவு மெசின். மனைவியைவிட மெசினைப் பார்க்கிற மனுசன். சிறுகதைக்குப் போதும். டீசல் ஊற்றினால்தான் ஓடும் மெசின் யாரையும் தேடிப் போகாது என்பதால் எட்டாம் பக்கத்திலேயே பகிடி முடிந்துவிடும். யானை நாலு கேள்வியிலும் தேறும், ஆனால் குசினி வாசலில் நிற்காது. அதோடு யானை அடித்துச் செத்தவர்களின் வீடுகள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன, சிரிப்பு தொண்டையில் நிற்கும். வீட்டுத்திட்டம் நல்ல முனை மாதிரித் தெரியும்: இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள், அதுவும் கட்டங்கட்டமாக, அத்திவாரம் போட்டால் ஒரு பகுதி, கூரை ஏறினால் இன்னொரு பகுதி. அதற்காகவே சேர்கிற சோடி என்று ஒரு கதை ஓடும். ஆனால் வீட்டுக்குக் காலில்லை. கிளைக்கதையாக வையுங்கள்.

வெளிநாட்டு மாப்பிள்ளை பழைய முனைதான். அவரை வட்ஸ்அப்புக்குள் மட்டும் வைத்தால் இன்னும் பால் கறக்கலாம்: நாவல் முழுக்க ஆள் நேரில் வரவே கூடாது, சிக்னல் குளக்கட்டில் மட்டும்தான் எடுக்க வேண்டும். இதை எழுதுகிறவர்கள் தவறாமல் பிழைவிடுவது நேரக்கணக்கில். ரொறன்ரோ எங்களைவிடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், மாரியில் பத்தரை. மார்ச்சில் இரண்டாம் ஞாயிறும் நவம்பரில் முதலாம் ஞாயிறும் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள். இங்கே இரவு 8 மணிக்குக் குளக்கட்டில் நிற்கிற பெட்டையோடு கதைக்கிறவருக்குத் தை மாதத்தில் காலை 9.30. அவர் வேலைக்குப் போய்விட்டார். ‘நித்திரை வருகுது, பிறகு கதைக்கிறன்’ என்று அவரைச் சொல்லவைத்தால் கனடாவில் இருக்கிற வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அவர் பொய் சொல்கிறார் என்று காட்டத்தான் எழுதினீர்கள் என்றால் அது வேறு. அப்போது அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கிறவர் குளக்கட்டில் மீன் வாங்க வந்த யாராவது இருக்கட்டும்.

மாடு நாலு கேள்வியிலும் தேறுகிறது. அதோடு ஊரின் பழங்கதையும் பக்கத்தில் நிற்கிறது. மதுரையை எரித்துவிட்டுக் கிழவி வேடத்தில் வந்த கண்ணகியை நந்திக்கடல் கரையில் முதலில் கண்டவர்கள் மாடு மேய்த்த பொடியள்தான் என்பது வற்றாப்பளைக் கதை. நாவலில் இதை விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். கோயில் பொங்கலுக்குச் சரசு போகிற ஒரு காட்சி வைத்தால் போதும், தெரிந்தவர் சிரிப்பார்.

2. கணக்குக் கொப்பி

80 பக்க சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு முனைக்கும் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு. இடது பக்கத்தில் ‘என்ன வேணும்’, வலது பக்கத்தில் ‘எதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்’. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அந்தப் பாத்திரம் பகிடிக்கு உதவாது.

சரசுவுக்கு வேண்டியது 2 ஏக்கரும் சேதமில்லாமல் வீடு வந்து சேர்வது. சொல்லமாட்டாதது, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அந்த வளவில் கதைக்க ஆளில்லை என்பது. தவத்துக்கு வேண்டியது மாடு. சொல்லமாட்டாதது சரசு. மாட்டுக்குச் சொல்ல வாயில்லை என்று வலது பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள், இங்கேதான் கதையின் திறப்பு இருக்கிறது.

சிவலை ஏன் சரசுவின் வளவைவிட்டு நகர மறுக்கிறது? ‘அன்பு’ என்று எழுதினால் மாடு வளர்க்கிற ஒருவரும் நம்பமாட்டார். சரசு பொழுதுபடக் கொடுப்பது ஒரு வாளி கழுநீர், அதில் இரண்டு கைபிடி தவிடு, ஒரு சிரட்டை பிண்ணாக்கு, கடைசியில் ஒரு சிட்டிகை கல்லுப்பு. மாட்டுக்கு உப்பில் பெரிய விருப்பம். தவம் 11 மாட்டுக்கும் புல்லும் குளத்துத் தண்ணியும் காட்டினாரேயொழிய உப்பு வைத்ததில்லை. வாளியைச் சரசு வைக்கிற சத்தம், மாடு மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சுகிற சத்தம், வாளி வெறுமையான பிறகும் நாக்கால் அடியை வழித்துக்கொண்டு அரை மணித்தியாலம் நிற்பது, வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி தவம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது: இந்தக் காட்சிக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ‘பொறாமை’ என்ற சொல் வரவே கூடாது. உப்பை வாசகர் ஏழாம் அத்தியாயத்தில் காணட்டும். தவம் பதினேழாம் அத்தியாயத்தில் கண்டுபிடிக்கட்டும். தானும் சங்கக்கடையில் ஒரு பக்கற் கல்லுப்பு வாங்கிக்கொண்டு போய் மாட்டை நோக்கிக் கையை நீட்டுகிற மனுசன் எவ்வளவு பிந்தி வந்திருக்கிறார் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்கும், அவருக்குத் தெரியாது.

3. நெல்லின் நாட்காட்டியில் கதையைக் கட்டுதல்

நாவல் நடுவில் தொய்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். முதல் அத்தியாயத்தில் இருந்த அதே சண்டை அதே விலையில் பதினைந்தாம் அத்தியாயத்திலும் நடக்கிறது. விலை ஏறிக்கொண்டு போக வேண்டும். அதை நீங்கள் மண்டையை உடைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நெற்பயிரே அந்தக் கணக்கை வைத்திருக்கிறது.

மாரிமழையோடு விதைக்கிற காலபோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றரை மாத நெல், அதாவது 105 நாள். ஒக்ரோபர் 15 விதைப்பு என்று வைத்தால், 45ஆம் நாள் நவம்பர் 29. அதுவரை பயிர் மட்டம் வெடிக்கிற, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடுகிற காலம். மாடு மேய்ந்தாலும் அடியிலிருந்து திரும்பத் தழைக்கும், ஒரு பை யூரியாவோடு சமாளிக்கலாம். அதற்குப் பிறகு தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கும், குடலை வரும். அப்போது மேய்ந்தால் போன கதிர் போனதுதான். 75ஆம் நாளளவில், டிசம்பர் 29, பூக்கும். பொங்கல் 91ஆம் நாளளவில் வரும், கதிர் தலைசாய்ந்து நிற்கும். ஜனவரி 28 அறுவடை. அதையொட்டித் தைப்பூசம், புதிர் எடுக்கிற, அதாவது புதுநெல் வீட்டுக்கு வருகிற நாள்.

24 அத்தியாயம் என்றால் முதல் 9 அத்தியாயம் 45 நாளுக்குள், 10 முதல் 17 வரை பூக்கும்வரை, மிச்சம் 7 அறுவடைவரை. ஒரே குற்றம், ஒரே மாடு. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் சரசு கேட்பது ‘இனி விடாதேங்கோ’ என்ற சொல் மட்டும். பன்னிரண்டில் 6 புசல் நெல். இருபதில் அவளுக்கு நெல்லே வேண்டாம், மாட்டைத் தரச் சொல்கிறாள். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. நட்டக்கணக்கைப் பாத்திரங்கள் புசலில் பேசட்டும், காசில் பேசத் தொடங்கினால் மூன்று வருசத்தில் நாவல் பழசாகிவிடும்.

விதைப்புக்கு முந்திய கமக்காரர் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். எந்தத் திகதிக்குள் விதைப்பு முடிய வேண்டும், எந்தத் திகதிக்குள் மாடுகளை வயலைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று அங்கேதான் தீர்மானிப்பார்கள். சரசுவும் தவமும் ஒருவரையொருவர் முதலில் பார்ப்பது அந்தக் கூட்டத்திலாக இருக்கட்டும். மாட்டுத் திகதியை ஒரு கிழமை பிந்தக் கேட்டுத் தவம் எழும்ப, ஒரு கிழமை முந்தக் கேட்டுச் சரசு எழும்புகிறாள். தலைவர் இரண்டையும் கேட்டுவிட்டுப் பழைய திகதியையே அறிவிக்கிறார். இருவருக்கும் சேர்ந்து ஒரே தோல்வி: காதலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது கடினம்.

மழையை மறந்துவிடுகிறார்கள், இது அடிக்கடி நடக்கிற பிழை. நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை கொட்டுகிற நேரத்தில் வரம்பில் இருந்து நிலவு பார்க்கிற சோடியை எழுதாதீர்கள். வரம்பு வழுக்கும், அட்டை ஏறும், சைக்கிள் சேற்றில் புதையும். தவம் வருகிற தூரத்தைச் சைக்கிள் செயின் மட்கார்டில் உரசுகிற சத்தத்தால் அளவுங்கள். சேறு கூடிய நாளில் சத்தம் நின்று மனுசன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரட்டும். மாவீரர் நாள் வருகிற நவம்பர் கடைசிக் கிழமையில் பகிடிக் காட்சி எதையும் வைக்காமல், ஒரு வரி இடைவெளி விட்டு டிசம்பருக்குப் போய்விடுங்கள். ஏன் என்று இங்கே உள்ள எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

நெல்லின் பெயரையும் வீணாக்காதீர்கள். ஆட்டக்காரி என்று ஒரு நெல் இருக்கிறது. கண்ணகிக்கு நேர்த்தி வைக்கிற சரசு, மாதவியின் தொழிலைப் பெயரில் வைத்திருக்கிற நெல்லை விதைக்கிறாள். ஒரே ஒரு இடத்தில், அதுவும் விதைநெல் மூட்டை இறக்குகிற ஆளின் வாயில் வரட்டும்.

4. ‘அண்ணை’யிலிருந்து இறங்குகிற படிகள்

ஈழத்துத் தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய சொத்து, முன்னிலைக்கு இருக்கிற மூன்று படி: நீங்கள், நீர், நீ. வாங்கோ, வாரும், வா. இந்த மூன்றையும் சரியாகக் கையாண்டால் ‘காதல்’ என்ற சொல்லே இல்லாமல் நாவலை முடிக்கலாம். முடிக்கத்தான் வேண்டும்.

தொடக்கத்தில் சரசு இப்படித்தான் கதைப்பாள்:

‘அண்ணை, உங்கடை மாடு பிறகும் வந்திட்டுது. வந்து பிடிச்சுக்கொண்டு போங்கோ.’

‘அண்ணை’ என்பது வெறும் மரியாதை. ஆனால் தவத்தின் காதில் அது வேலி. ஊர் வழக்குத் தெரியாமல் எழுதுகிறவர்கள் இங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வைத்துவிடுகிறார்கள். அந்த நிமிடமே சரசு வேறு ஊர்க்காரியாகிவிடுவாள்.

நடுப்பகுதியில் அவளுக்கு ‘அண்ணை’ சொல்ல வாய் வராது, வேறு சொல்லும் இன்னும் வரவில்லை. அப்போது இங்கே உள்ளவர்கள் செய்வது, ஆளையே வசனத்திலிருந்து எடுத்துவிடுவது:

‘மாடு கட்டியாச்சோ?’

‘கட்டியாச்சு.’

‘சாப்பிட்டாச்சோ?’

‘இன்னும் இல்லை.’

‘புட்டுக் கிடக்கு.’

யார் கட்டினார், யார் சாப்பிட வேண்டும், புட்டு யாருக்கு என்று எதுவும் இல்லை. ‘ஆச்சு’ எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. இந்த மாதிரி ஆளில்லாத வசனங்களை 10ஆம் அத்தியாயத்திலிருந்து 17வரை பரவலாகப் போடுங்கள். வாசகர் முதலில் கவனிக்கமாட்டார், பிறகு ஒவ்வொன்றுக்கும் சிரிப்பார்.

அடுத்தது ‘நீர்’. இது அந்தரமான சொல். சமமானவர்களும் சொல்லுவார்கள், புருசன் பெண்சாதியும் சொல்லுவார்கள், கோபத்தில் மரியாதையைக் குறைக்கவும் சொல்லுவார்கள். ஆகவே சரசு முதல் தடவையாக ‘நீர் பேசாமல் இரும்’ என்று சொல்கிற இடம் சண்டையின் உச்சத்தில் வர வேண்டும். அவமானப்படுத்தினாளா, கிட்ட வந்தாளா என்று தவம் இரண்டு அத்தியாயம் யோசிக்கட்டும். கடைத்தெருவில் நாலு பேரிடம் சுற்றிவளைத்துக் கேட்கட்டும். ஒவ்வொருவரும் தன் வீட்டு நிலைமையை வைத்து ஒரு விளக்கம் சொல்லுவார்.

இதற்கெல்லாம் அடியில் ஓடுகிற பகிடி ஒன்று உண்டு. சிவலையை அவள் முதல் நாளிலிருந்தே ‘டேய், இஞ்சை வாடா’ என்றுதான் கூப்பிடுகிறாள். மனுசன் மூன்றரை மாதம் பாடுபட்டு ஏற முடியாத படியில் மாடு முதல் நாளே போய் நின்றுவிட்டது. அதை ஒருவரும் சுட்டிக்காட்டக் கூடாது.

பேச்சு வழக்கை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. கதை சொல்லும் குரல் எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும். வன்னியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களும் பக்கத்துப் பக்கத்து வளவில் இருக்கிறார்கள், பேச்சு ஒன்றல்ல. ஆனால் ஒருவரின் பேச்சு வழக்கையே சிரிப்பாக்கினால் அது நையாண்டி இல்லை, பள்ளிக்கூடத்துப் பழிப்பு.

5. பெரிய காட்சி ஒன்று: இணக்கசபை

நாவலில் ஒரு காட்சியாவது முழுச் சபைக்கு முன்னால் நடக்க வேண்டும். பொலிசுக்குப் போனால் கதை கனத்துவிடும். பிரதேச சபை கட்டாக்காலி மாட்டைப் பிடித்துத் தண்டம் அறவிடுவதையும் வைக்கலாம், ஆனால் அது மாட்டுக்கும் சபைக்கும் உள்ள விவகாரம். மூன்று முனையும் ஒரே இடத்தில் சேர்வதற்கு இணக்கசபைக்கு நிகரில்லை.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது இது. ஒவ்வொரு தரப்பும் ஒரு இணக்கராளரைத் தெரிய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிந்து தலைவராக்குவார்கள். கவனியுங்கள், சட்டமே ஒரு முக்கோணத்தைத் தருகிறது. தீர்ப்பு அவர்கள் கையில் இல்லை. இணங்க வைப்பதுதான் வேலை. இணங்கினால் எழுதிக் கையொப்பம், இணங்காவிட்டால் அதற்கும் ஒரு சான்றிதழ். பெரும்பாலும் சனி, ஞாயிறில் பள்ளிக்கூட வகுப்பறையில் கூடும். மூன்றாம் வகுப்பு வாங்கில் 49 வயது மனுசன் முழங்காலை நெஞ்சுக்கு மடித்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் சுவரில் பொடியள் கீறிய மாட்டுப் படம், ‘மாடு பால் தரும்’ என்ற வசனத்தோடு. சரசு பக்கத்து வாங்கில், கையில் கொப்பி.

‘மாடு உங்கடைதானே?’

‘ஓம் ஐயா. குறி என்ரை.’

‘பிறகேன் அந்தப் பிள்ளையின்ரை வளவிலை நிக்குது?’

‘அது அங்கை நிக்க விருப்பப்படுது ஐயா.’

‘உங்களுக்கு?’

தவம் ஒன்றும் சொல்லவில்லை. சரசு கொப்பியைப் புரட்டினாள்.

‘பதினேழு நாள் வைக்கோல் போட்டனான் ஐயா. அதுக்கும் கணக்கிருக்கு.’

இதில் வேலை செய்வது ‘உங்களுக்கு?’ என்ற ஒற்றைச் சொல். தலைவர் வைக்கோல் செலவைத் தர விருப்பமா என்றுதான் கேட்டார். தவத்துக்கு வேறு கேள்வி கேட்டது. சரசுவுக்கும் அது கேட்டிருக்கிறது, அதனால்தான் அவசரமாகக் கணக்குக்கு ஓடுகிறாள். தலைவரைச் சிரிக்கவைக்காதீர்கள். கேட்டவர் விளங்கிக்கொண்டு கண்ணடித்தால் காட்சி செத்தது. அவர் கடைசிவரை வைக்கோல் பற்றியே விசாரிக்கட்டும், எத்தனை கட்டு, எங்கே வாங்கியது, நனைந்ததா என்று.

பகிடியின் விதி இதுதான்: காதலை ஒரு துளியும் மிகைப்படுத்தாதீர்கள், நடைமுறையை ஒரே ஒரு படி மட்டும் மிகைப்படுத்துங்கள். உண்மையில் இரண்டு போட்டோக்கொப்பி கேட்கிற கந்தோர் நாவலில் மூன்று கேட்கட்டும். பத்துக் கேட்டால் வாசகர் அது நாடகம் என்று கையை விட்டுவிடுவார். மூன்று கேட்டால், ‘எங்கடை கந்தோரிலையும் இப்பிடித்தான்’ என்பார்.

6. யாரைச் சிரிப்பது, எங்கே நிறுத்துவது

சரசுவின் வளவைத் தன் மகனுக்கு எடுக்கப் பார்க்கிற மச்சாளைச் சிரிக்கலாம். ‘மாட்டுப் பிரச்சினையும் மகளிர் வலுவூட்டலும்’ என்று பெனர் கட்டி மதியச் சாப்பாட்டுப் பார்சலோடு முடிகிற விழிப்புணர்வுச் செயலமர்வைச் சிரிக்கலாம். வருகைப் பதிவேட்டில் சிவலையின் குளம்படி பதிந்து, ஒருவர் கூடுதலாகக் கலந்துகொண்டதாக அறிக்கை போகட்டும். குளக்கட்டில் பதினொரு பேர் பேசுகிற விழாவைச் சிரிக்கலாம். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி, ஊரில் யார் யாரைக் கட்ட வேண்டும் என்று தீர்மானிக்கிறவரைச் சிரிக்கத்தான் வேண்டும்.

கலியாணமாகாதவள் என்பதற்காகச் சரசுவைச் சிரிக்கக் கூடாது. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஒரு வசனம் போதும்: மூன்று தங்கச்சிமாருக்கும் செய்துவைத்து முடிய வயது போய்விட்டது. அதைப் போரில் கொண்டுபோய்க் கட்டினால் உங்கள் பகிடி வேறு பாரத்தைச் சுமக்கத் தொடங்கும்.

இதில் ஒரு முனையை அறவே தொடாதீர்கள். ‘திரும்பி வராத புருசன், காத்திருக்கிற பெண், புதிதாக வருகிறவன்’ என்ற முக்கோணம் நாவல் உத்தி மாதிரித் தோன்றும். இங்கே அது உத்தியில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் தங்கள் பிள்ளைகளையும் புருசன்மாரையும் கேட்டு அம்மாமார் உட்கார்ந்த ஊர் இது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற்போனமைக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதை வாங்குவதா விடுவதா என்று வருசக்கணக்காக முடிவெடுக்க முடியாமல் இருக்கிற வீடுகள் உண்டு. கந்தோரையும் படிவத்தையும் பகிடி பண்ணுகிற உங்கள் பழக்கம் அந்தப் படிவத்தின் பக்கம் போகவே கூடாது.

ஊருக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள். வன்னிப் பெயர்கள் தண்ணியிலிருந்து வருவன: வவுனிக்குளம், இரணைமடு, முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு. ஒரு மரமோ மிருகமோ எடுத்து குளம், மடு, முறிப்பு ஒன்றை ஒட்டினால் ஊர் வந்துவிடும். அல்லது குடியேற்றத் திட்ட வழக்கப்படி ‘ஆறாம் யூனிற்’ என்று விடலாம். பெருவீதிகளும் பஸ் நிறுத்தங்களும் உண்மையாக இருக்கட்டும்: ஏ9இல் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும், தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள். அந்த நிறுத்தம் இல்லாமல் பாத்திரத்தை வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தால் சாரதியே கோபிப்பார்.

7. எழுதுதல், வெட்டுதல், அச்சு

அத்தியாயத்துக்கு 1,800 முதல் 2,000 சொல். 24 அத்தியாயமும் 45,000 சொல்லளவில் முடியும். பகிடி நாவல் இதைவிட நீண்டால் சிரிப்பு களைத்துப்போகும். டெமி அளவுப் பக்கத்தில் 240 சொல் பிடித்தால் 188 பக்கம். முகப்புப் பக்கங்களோடு 192, சரியாக 12 போர்மா (ஒரு தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு போர்மா). போர்மா கணக்கு தெரியாமல் 195 பக்கத்தில் முடித்தால் 13ஆவது போர்மாவுக்கும் சேர்த்துக் காசு கட்டி, 13 வெற்றுப் பக்கத்தை வாசகருக்குக் கொடுப்பீர்கள். அந்த மூன்று பக்கத்தை வெட்டுவது மலிவு.

வெட்டுவதற்கு வழி, சத்தமாக வாசிப்பது. மாடு வளர்க்கிற ஒருவருக்கும் கந்தோரில் வேலை செய்கிற ஒருவருக்கும் தனித்தனியாக வாசித்துக் காட்டுங்கள். சிரித்த இடத்தைக் குறிக்க வேண்டாம். அவர்கள் உங்களைத் திருத்துகிற இடத்தைக் குறியுங்கள். ‘நாம்பன் அப்பிடி நிக்காது’, ‘அந்தக் கடிதம் எங்களிட்டை வராது’ என்ற இரண்டு திருத்தம் நூறு கைதட்டலுக்குச் சமம். அதோடு ‘வேடிக்கையாக’, ‘நகைச்சுவையாக’, ‘குறும்பாக’ என்ற சொற்களைத் தேடி அழியுங்கள். அவை நிற்கிற இடத்தில் பகிடி இல்லை என்று அர்த்தம். ISBN என்கிற நூல் இலக்கம் கொழும்பில் தேசிய நூலகத்தில் எடுக்க வேண்டும். அட்டை அச்சுக்குப் போகமுன் விண்ணப்பியுங்கள், பிறகு ஸ்ரிக்கர் ஒட்டிக்கொண்டிருக்காமல்.

கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் வழுக்குகிறார்கள். கலியாண எழுத்து எழுதி, கோயிலில் தாலி கட்டி, மாட்டுக்கும் மாலை போட்டு முடிப்பார்கள். வேண்டாம். முக்கோணத்தைக் கோடாக்கிவிட்டால் இதுவரை வாசித்தது வீண். அறுவடை முடிந்து வயல் ஒட்டுத்தாளாகக் கிடக்கிறது, மாட்டை அவிழ்த்துவிடத் தடையில்லை, தவம் வருவதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனாலும் வந்திருக்கிறார். வேலிக்கு உள்ளே மாடு, வெளியே மனுசன், படலையடியில் வாளியோடு சரசு. ‘அண்ணை’ இல்லை, ‘நீர்’ இல்லை, ‘டேய்’ இல்லை. பெண்சாதி புருசனைக் கூப்பிடுகிற சொல்லை அவள் சொல்லட்டும்:

‘இஞ்சேருங்கோ.’

இரண்டு தலையும் திரும்ப வேண்டும். அதற்குக் கீழே ஒரு வரியும் எழுதாதீர்கள்.